இயேசு கடவுளா, அவரிடம் ஜெபிக்கலாமா: ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கேள்விகள்

2025 நவம்பர் இறுதியில் துருக்கியின் இஸ்னிக் நகரில் போப் 14-ம் லியோவும் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் சேர்ந்து ஜெபித்தார்கள். இஸ்னிக்கின் பழைய பெயர் நிசேயா. அங்கே 325-ல் ஆயர்கள் கூடிய சங்கத்துக்கு 1700 ஆண்டு நிறைந்ததை ஒட்டிய நிகழ்ச்சி அது. இயேசு பிதாவுக்கு இணையான கடவுள் என்று அந்தச் சங்கம் அறிக்கையிட்டது. செய்தியைப் படித்த பலருக்கு இரண்டு சந்தேகம் வந்திருக்கும். கிறிஸ்தவர்களிலேயே இதை ஏற்காதவர்கள் உண்டா? ஏற்கிறவர்களிலும் சிலர் "ஜெபத்தைப் பிதாவுக்குத்தான் ஏறெடுக்க வேண்டும்" என்கிறார்களே, அது ஏன்?

முதல் கேள்விக்குப் பதில், உண்டு. எப்போதுமே இருந்திருக்கிறார்கள். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

எத்தனை நிலைப்பாடுகள்?

கடவுள் என்றால் ஜெபிக்கலாம், கடவுள் இல்லையென்றால் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் கணக்கு இவ்வளவுதான். ஆனால் வரலாற்றில் நான்கு விதமான பதில்களும் இருந்திருக்கின்றன.

1. இயேசு கடவுள், அவரை நோக்கி ஜெபிக்கலாம். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், புராட்டஸ்டன்டுகளில் மிகப் பெரும்பாலோர் இந்தப் பக்கம்.

2. இயேசு கடவுள் அல்ல; அவரை நோக்கி ஜெபிப்பது தவறு. யெகோவாவின் சாட்சிகள், பழைய யூனிட்டேரியன்களில் (கடவுள் ஒரே ஆள், அது பிதா மட்டுமே என்பவர்கள்) ஒரு பிரிவினர்.

3. இயேசு தெய்வத்தன்மை உடையவர். ஆனாலும் ஜெபம் பிதாவுக்கே உரியது, இயேசுவின் நாமத்தினால் அது ஏறெடுக்கப்படும். 3-ம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகன் சொன்னது இதற்கு நெருக்கமானது. இன்று, 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் நடைமுறை இது.

4. இயேசு இயல்பில் கடவுள் அல்ல. ஆனாலும் அவரிடம் ஜெபிக்கலாம், ஜெபிக்கவும் வேண்டும். 16-ம் நூற்றாண்டில் சொசினஸ் என்பவரும் அவரைப் பின்பற்றியவர்களும்.

மூன்றாவதும் நான்காவதும் முரண்பாடு போலத் தோன்றும். அவை எப்படி வந்தன என்று பார்த்தால்தான் இந்தச் சர்ச்சையே பிடிபடும்.

முதலில் சில சொற்கள்

திரித்துவம்: கடவுள் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற போதனை. மூன்று கடவுள்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்றும் இல்லை. வேடம் என்ற விளக்கம் 3-ம் நூற்றாண்டிலேயே சபெல்லியஸ் என்ற போதகரின் பெயரோடு சேர்த்து ஒதுக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் சபைகளில் திரித்துவத்துக்குச் சொல்லப்படும் உவமைகளில் பாதி, நீரும் பனிக்கட்டியும் ஆவியும் மாதிரி, அந்த வேடக் கதைக்குள்தான் போய் விழுகின்றன.

கர்த்தர்: இந்தச் சொல்லில் பெரிய சிக்கல் இருக்கிறது. எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்பட்டது. நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க மொழிபெயர்ப்புப் பிரதிகளில் பெரும்பாலும் அந்த இடத்தில் 'கூரியோஸ்' என்று இருக்கிறது. 'எஜமான்' என்று மனிதரை மரியாதையாக அழைக்கவும் அதே சொல்தான். புதிய ஏற்பாடு இயேசுவைக் 'கூரியோஸ்' என்கிறபோது எதைச் சொல்கிறது, எஜமான் என்றா, இஸ்ரவேலின் கடவுள் என்றா? தமிழில் பழைய மொழிபெயர்ப்பு இரு ஏற்பாடுகளிலும் 'கர்த்தர்' என்றே போட்டுவிட்டதால், "கர்த்தாவே" என்று ஜெபிக்கிறவர் பிதாவை அழைக்கிறாரா இயேசுவை அழைக்கிறாரா என்று பல நேரம் அவருக்கே தெரியாது.

பணிதலும் ஆராதனையும்: கிரேக்கத்தில் இவை இரண்டு சொற்கள். 'புரோஸ்கூனியோ' என்றால் விழுந்து வணங்குதல்; அரசனுக்கும் செய்யலாம், கடவுளுக்கும் செய்யலாம். 'லாத்ரெயூவோ' என்றால் கடவுளுக்குச் செய்யும் வழிபாட்டுப் பணி. மத்தேயு 4:10-ல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: "உன் தேவனாகிய கர்த்தரைப் பணிந்துகொண்டு, அவர் ஒருவருக்கே ஆராதனை செய்வாயாக." சுவிசேஷங்களில் இயேசுவுக்கு முன் மக்கள் செய்வதெல்லாம் முதல் வகை. "அது மரியாதைதான், வழிபாடு அல்ல" என்று ஒரு தரப்பு சொல்வதற்கு இதுவே பிடி.

வேதம் என்ன சொல்கிறது?

இரு தரப்புக்கும் வேண்டிய வசனங்கள் அதில் இருக்கின்றன. அதனால்தான் சர்ச்சை ஓயவில்லை.

இயேசு கடவுள் என்பவர்கள் யோவான் 1:1-ஐயும், உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்துத் தோமா சொன்ன "என் ஆண்டவரே! என் தேவனே!" என்பதையும் (யோவான் 20:28), முழங்கால் யாவும் இயேசுவின் நாமத்தில் முடங்கும் என்ற பிலிப்பியர் 2:10-ஐயும் காட்டுவார்கள். கடைசியாகச் சொன்னதற்கு எடை அதிகம். "முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்" என்று ஏசாயா 45-ல் கடவுள் தம்மைப் பற்றிச் சொன்னதை எடுத்துப் பவுல் இயேசுவுக்குச் சூட்டுகிறார். மறுப்பவர்கள் "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28) என்பதையும், தன்னை நல்லவர் என்று அழைத்தவரிடம் தேவன் ஒருவர் தவிர நல்லவர் இல்லை என்று இயேசு பதில் சொன்னதையும் (மாற்கு 10:18) காட்டுவார்கள்.

யோவான் 1:1-ன் கிரேக்க மூலத்தில் "வார்த்தை தேவனாயிருந்தது" என்ற இடத்தில் 'தெயோஸ்' (தேவன்) என்ற சொல்லுக்கு முன் சுட்டிடைச்சொல் (ஆங்கிலத்தின் 'the' போன்றது) இல்லை. ஆகவே 'ஒரு தெய்வம்' என்று பெயர்க்க வேண்டும் என்கிறார்கள் யெகோவாவின் சாட்சிகள். கிரேக்க இலக்கணத்தில் பயனிலையாக வரும் பெயர்ச்சொல் வினைக்கு முன் நின்றால் அந்தச் சுட்டிடைச்சொல் இல்லாமல் வருவது வழக்கம்தான், அதை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது என்பது பெரும்பாலான கிரேக்க அறிஞர்களின் பதில். தமிழில் அப்படி ஒரு இடைச்சொல்லே கிடையாது என்பதால், இந்தச் சண்டையின் காரம் நமக்கு முழுதாக உறைக்காது.

சரி, ஜெபம்? அங்கே நிலைமை இன்னும் சுவாரஸ்யம்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றுதான் தொடங்குகிறது. யோவான் 16:23-ல் என் நாமத்தினாலே பிதாவிடம் கேளுங்கள் என்கிறார். ஆனால் கல்லெறியுண்டு சாகும் ஸ்தேவான் "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்கிறார் (அப்போஸ்தலர் 7:59). பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் 'மாரநாதா' என்று ஒரு சொல் வருகிறது. அராமிக் மொழியில் 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்று அதைப் படிக்கலாம். கிரேக்கர்களுக்கு எழுதும் கடிதத்தில் மொழிபெயர்க்காமலே ஒரு அராமிக் வார்த்தை வருகிறதென்றால், அது அராமிக் பேசிய முதல் தலைமுறை யூத விசுவாசிகளின் வாயிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். கடிதம் எழுதப்பட்டது 50-களின் நடுவில். இயேசு இறந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை.

யோவான் 14:14-ல் பிரதிகளே வேறுபடுகின்றன. சில மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் "என் நாமத்தினாலே என்னிடம் எதைக் கேட்டாலும்" என்று இருக்கிறது; வேறு சிலவற்றில் 'என்னிடம்' இல்லை. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இல்லை. இயேசுவிடம் நேராகக் கேட்கலாம் என்று இயேசுவே சொன்னாரா என்பது இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

ஜெபம் முந்தியது, கோட்பாடு பிந்தியது

திரித்துவத்தை கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் உருவாக்கினார் என்று ஒரு கதை பரவலாக ஓடுகிறது. காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுமார் 112-ல் பித்தினியா மாகாணத்தை ஆண்ட ரோம அதிகாரி பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கைதான கிறிஸ்தவர்களை விசாரித்ததில், குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு கடவுளைப் போல் வைத்துத் துதி பாடுவதாகச் சொன்னார்கள் என்று அதில் இருக்கிறது. நிசேயா அதே பித்தினியாவில்தான் இருக்கிறது. சங்கம் கூடியது அதற்கு 200 வருடம் கழித்து.

ஆனால் மறுபக்கக் கதையும் முழுதாகச் சரியில்லை. நிசேயாவின் போதனை ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தது, ஆரியஸ் என்ற குரு வந்துதான் கெடுத்தார் என்பார்கள். பாட்டும் ஜெபமும் இருந்தன. அவற்றுக்கு என்ன பொருள் என்ற விளக்கம் இல்லை. சுமார் 233-ல் ஜெபத்தைப் பற்றி ஒரு நூலே எழுதிய ஓரிகன், முழுமையான பொருளில் ஜெபம் என்பதைப் பிதாவுக்கு மட்டுமே ஏறெடுக்க வேண்டும் என்றார். பிரதான ஆசாரியராகிய கிறிஸ்து நமக்காக ஜெபிக்கிறவர். ஜெபிக்கிறவரிடமே ஜெபிப்பது எப்படி என்பது அவருடைய வாதம். இயேசு சாதாரண மனிதர் என்று ஓரிகன் சொல்லவே இல்லை. குமாரன் நித்தியமானவர் என்றார்.

அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியஸின் நிலையும் பலர் நினைப்பது போல் 'இயேசு வெறும் மனிதர்' என்பதல்ல. குமாரன் உலகத்துக்கு முன்பே இருந்தார், அவர் மூலமாகவே எல்லாம் உண்டாயின. ஆனால் அவரும் படைக்கப்பட்டவர், "அவர் இல்லாதிருந்த ஒரு வேளை உண்டு". ஆரியஸின் ஆட்களும் கிறிஸ்துவை வணங்கத்தான் செய்தார்கள். பிறகு அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியஸ் கத்தியை அங்கேதான் வைத்தார். நீங்கள் சொல்கிறபடி குமாரன் படைப்பு என்றால், படைப்பை வணங்குகிறீர்கள். அதற்குப் பெயர் விக்கிரக ஆராதனை. வணங்குவதை விடப் போவதில்லை என்றால், அவர் படைப்பு என்பதை விட்டுவிடுங்கள். கோட்பாட்டிலிருந்து ஜெபத்துக்கு அவர் வரவில்லை. எல்லாரும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஜெபத்திலிருந்து கோட்பாட்டுக்குப் போனார்.

நிசேயா முடிவு 'ஹோமோஊசியோஸ்' என்ற ஒரே சொல்லில் அடங்கும். கத்தோலிக்க விசுவாச அறிக்கையின் தமிழில் "தந்தையோடு ஒரே பொருளானவர்". அந்தச் சொல் வேதத்தில் இல்லை என்பது அப்போதே எழுந்த எதிர்ப்பு. சங்கத்தோடு விஷயம் முடியவும் இல்லை. கான்ஸ்டன்டைன் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியஸுக்கு ஆதரவாக இருந்த ஆயர் ஒருவர் கையால். அத்தனாசியஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கூடிய பிறகே பேரரசு முழுவதும் நிசேயாவின் பக்கம் நிலைத்தது. அரசர் நினைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்பவர்கள் இந்த 56 ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

'வழியாக', 'உடன்': உருபுகளில் ஒரு யுத்தம்

இந்தச் சர்ச்சையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய வழிபாட்டில் துதி இப்படி முடியும்: "குமாரன் வழியாக, பரிசுத்த ஆவியில், பிதாவுக்கு மகிமை." ஆரியஸ் தரப்பார் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பார், பிதாவுக்குத்தான் மகிமை. குமாரன் வெறும் வழி. செசரியா ஆயர் பாசில் "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் பிதாவுக்கு மகிமை" என்றும் வழிபாட்டில் சொன்னார். புதிதாக ஏதோ நுழைக்கிறார் என்று புகார் எழுந்தது. 375 வாக்கில் அவர் ஒரு நூலையே எழுதிப் பதில் சொன்னார். அதில் பெரும்பகுதி இந்த உருபுகளைப் பற்றியதுதான்: இரண்டுமே வேத வழக்குத்தான், 'வழியாக' என்பது குமாரன் நமக்குச் செய்ததையும் 'உடன்' என்பது அவர் யார் என்பதையும் சொல்கிறது.

கிழக்கே 'உடன்' வலுத்தது. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய எனக்கு இரங்கும்" என்று மூச்சோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜெபம் ஆர்த்தடாக்ஸ் பக்தியின் நடுநாயகம் ஆனது. மேற்கே 393-ல் ஹிப்போவில் கூடிய ஆயர்கள், பீடத்தில் நிற்கும்போது ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். இவர்கள் நிசேயாவை முழுதாக ஏற்றவர்கள். கத்தோலிக்கத் திருப்பலியின் மன்றாட்டுகள் இன்றும் பெரும்பாலும் பிதாவிடம் தொடங்கி "எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக" என்று முடிவது அந்த மரபில்தான். ஆக, 'பிதாவிடம் ஜெபியுங்கள்' என்று ஒருவர் சொன்னதும் அவர் இயேசுவின் தெய்வத்தன்மையை மறுக்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மறுத்தவர்களுக்குள் வந்த பிளவு

1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் மிகுவேல் செர்வேட்டஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். திரித்துவத்தை எதிர்த்து எழுதியது அவர் மீதான முக்கியக் குற்றம். தீயில் நின்று அவர் சொன்னதாகப் பதிவானது: "இயேசுவே, நித்திய தேவனுடைய குமாரனே, எனக்கு இரங்கும்." 'தேவனுடைய நித்திய குமாரனே' என்று சொல்லியிருந்தால் திரித்துவத்தை ஏற்றதாகியிருக்கும். 'நித்திய' என்ற அடைமொழியை அவர் இடம் மாற்றவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று, கடைசி மூச்சில் அவர் ஜெபித்தது இயேசுவிடம்.

இதற்கு எதிர்முனை, இன்றைய ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவில் ஃபெரென்ஸ் டாவிட். 1568-ல் அங்கே டோர்டா நகரில் கூடிய சட்டமன்றம், போதகர்கள் தங்கள் புரிதலின்படி பிரசங்கிக்கலாம் என்று தீர்மானித்தது; அக்கால ஐரோப்பாவில் அபூர்வம். அந்தச் சுதந்திரத்தில் யூனிட்டேரியன் சபையைக் கட்டியெழுப்பிய டாவிட் மேலும் ஒரு அடி போனார். இயேசு கடவுள் அல்ல என்றால் அவரிடம் ஜெபிப்பது ஏன்? கேள்வி நேரானது. ஆனால் அவருடைய தோழர் பியாண்ட்ராட்டாவே பதறினார். 1572-ல் மதப் புதுமைகளுக்குத் தடை வந்திருந்தது. டாவிட் இப்படிப் பேசினால் சபையே சட்டவிரோதமாகிவிடும். அவரை வழிக்குக் கொண்டுவர இத்தாலியரான ஃபாஸ்டோ சொசினஸ் வரவழைக்கப்பட்டார்.

சொசினஸின் வாதம் இது: இயேசு மனிதர், உலகத்துக்கு முன் இருந்தவர் அல்ல. ஆனால் உயிர்த்தெழுந்த பிறகு தேவன் அவருக்குச் சகல அதிகாரமும் கொடுத்திருக்கிறார். நமக்கு உதவும் வல்லமை அவருக்கு இருக்கிறது, அந்த வல்லமை தேவன் தந்தது. ஆகவே அவரை வணங்கலாம், கேட்கலாம். அந்த வணக்கம் கடைசியில் அதிகாரம் கொடுத்த பிதாவுக்கே சேரும். டாவிட் அசையவில்லை. 1579-ல் ஆயுள் சிறை விதிக்கப்பட்டு, அதே ஆண்டு தேவா கோட்டைச் சிறையில் இறந்தார். திரித்துவத்தை ஏற்காதவர் ஒருவர், திரித்துவத்தை ஏற்காத தம் தோழர் கொடுத்த புகாரால், ஜெப விஷயத்துக்காகச் சிறையில் செத்தார். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

தர்க்கப்படி பார்த்தால் டாவிட்டின் பக்கம்தான் சீராக இருக்கிறது. அத்தனாசியஸும் டாவிட்டும் ஒரே முடிச்சை இரண்டு முனையிலிருந்து இழுத்தவர்கள்: படைப்பை வணங்கக்கூடாது என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

இன்று யார் எங்கே?

யெகோவாவின் சாட்சிகள்: இயேசு தேவனின் முதல் படைப்பு, பிரதான தூதன் மிகாவேலும் அவரே. ஜெபம் யெகோவாவுக்கு மட்டும், இயேசுவின் பெயரில். ஸ்தேவானின் வார்த்தைகளை, தரிசனத்தில் கண்டவரைப் பார்த்துப் பேசியது என்று விளக்குவார்கள்.

மார்மன்கள்: பிதா, குமாரன், ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றான தனித்தனி ஆட்கள். இயேசு தெய்வமே, ஆனால் ஜெபம் பிதாவை நோக்கி.

ஒருமைத்துவப் பெந்தெகொஸ்தேயினர்: 1913-க்குப் பின் அமெரிக்காவில் கிளம்பியவர்கள். இவர்கள் நேர் எதிர்ப்பக்கம். திரித்துவத்தை மறுக்கிறார்கள், காரணம் இயேசுவின் தெய்வத்தன்மையைக் குறைக்க அல்ல. ஒரே கடவுள் முழுதாக இயேசுவில் இருக்கிறார் என்பதற்காக. இயேசுவின் பெயரில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுப்பார்கள். 'திரித்துவத்தை மறுப்பவர்' என்ற ஒரே முத்திரையை இவர்கள் மீதும் சாட்சிகள் மீதும் குத்துவது எவ்வளவு குழப்பம் என்று பாருங்கள்.

விளைவுகள்

1. சட்டம்: இங்கிலாந்தின் 1689 சகிப்புச் சட்டம் திரித்துவத்தை மறுத்தவர்களை வெளியே நிறுத்தியது, அவர்களுக்கு விடுதலை 1813-ல் வந்தது. இடையில் 1697-ல் எடின்பரோவில் தாமஸ் ஐக்கென்ஹெட் என்ற மாணவர், திரித்துவத்தை இகழ்ந்தது உள்ளிட்ட தெய்வ நிந்தனைக்காகத் தூக்கிலிடப்பட்டார்.

2. கூட்டமைப்பு: உலகத் திருச்சபைகள் மன்றம் 1948-ல் அமைந்தபோதே, இயேசுவைக் கடவுளும் இரட்சகருமாக ஏற்கும் சபைகளின் கூட்டுறவு என்று தன்னை வரையறுத்தது. 1961-ல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவ வாசகமும் சேர்ந்தது. இதை ஏற்காத சபை உள்ளே வர முடியாது.

3. ஞானஸ்நானம்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில் தண்ணீரால் கொடுக்கப்பட்டால் மற்ற சபைகளின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக ஏற்கும். மார்மன்கள் அதே பெயர்களைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் 2001-ல் வத்திக்கான் அது செல்லாது என்றது. சொல் ஒன்றாக இருந்தும் சொல்லின் பொருள் வேறு என்பது காரணம்.

இந்த மூன்றாவதில் இருக்கும் அதே சிக்கல்தான் ஜெபத்தின் கடைசி வரியிலும். "இயேசுவின் நாமத்தினாலே ஜெபிக்கிறோம், ஆமென்" என்று இவர்களில் பெரும்பாலோர் முடிப்பார்கள். சாட்சிகளுக்கு அது படைக்கப்பட்ட மத்தியஸ்தர் மூலமாகப் போகும் வேண்டுதல். மார்மனுக்கு வேறொரு தெய்வ ஆளின் பெயரில் பிதாவிடம் போவது. கத்தோலிக்கருக்குப் பிதாவோடு ஒரே பொருளானவர் வழியாகப் போவது. ஒருமைத்துவப் பெந்தெகொஸ்தேயினருக்கு அது கடவுளின் பெயரேதான். வழியாகப் போக வேறு யாரும் இல்லை.